அழுகை அடங்காத அந்த இரவுகள்

என் மூத்த மகள் பிறந்த ஆறாவது வாரத்தில் ஒரு நள்ளிரவு, பாலூட்டியும் துணி மாற்றியும் தோளில் சாய்த்து நடந்தும் அவள் அழுகை அடங்காதபோது, அவளைப் பற்றியிருந்த என் கைகள் இறுகுவதை உணர்ந்து அஞ்சினேன். உடனே அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதைப் பெருங்குற்றமாகக் கருதி, கணவரிடம்கூடச் சொல்லாமல் வெகுநாள் மறைத்தேன். அத்தகைய நேரத்தில் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடங்கள் விலகியிருப்பதே சரியான செயல் என்பதை, பல ஆண்டுகள் கழித்து ஒரு செவிலியர் சொல்லித்தான் அறிந்தேன்.

நல்ல உடல்நலத்தோடு இருக்கும் குழந்தைகளுக்கும், பிறந்த இரண்டாவது வாரம் முதல் அழுகை கூடிக்கொண்டே போய், ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது. தூக்கமின்றித் தவிக்கும் பெற்றோர் பொறுமையிழந்து குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடும் ஆபத்து மிகுந்த காலமும் இதுவே. கழுத்துத் தசைகள் வலுப்பெறாத அந்த வயதில் சில வினாடிகள் உலுக்கினாலே மூளையில் இரத்தம் கசியலாம்; பார்வை போகலாம்; உயிரும் போகலாம். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதை ஒருவர் நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

வன்முறைக்கு ஆளான குழந்தையை மீட்பதும் குற்றவாளியைத் தண்டிப்பதும் இன்றியமையாதவை. ஆனால் அவை நடக்கும்போது குழந்தை ஏற்கெனவே துன்பப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பே வீட்டுக்குள் உதவி சென்றால் என்ன ஆகும் என்பதை டேவிட் ஓல்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் 1970களின் பிற்பகுதியில் சோதித்துப் பார்த்தார். முதன்முறை கருவுற்ற, பெரும்பாலும் வறிய, இளம் பெண்களின் வீடுகளுக்குச் செவிலியர்கள் கர்ப்பக் காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை தொடர்ந்து சென்றுவந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, அந்தத் தாய்மார்கள் குழந்தையைத் துன்புறுத்தியதாகவோ புறக்கணித்ததாகவோ உறுதிசெய்யப்பட்ட புகார்கள், அத்தகைய உதவி பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. இருப்பினும், தாயே அடிக்கடி அடிபட்டுக்கொண்டிருந்த வீடுகளில் இந்தப் பயன் காணப்படவில்லை. இந்த முடிவுதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அடிபடும் தாய்க்குப் பாதுகாப்புத் தராமல் அவள் குழந்தைக்கு மட்டும் பாதுகாப்புத் தேடுவது நடவாத காரியம்.

இப்போது புதிதாகக் குழந்தை பெற்றவர்களைப் பார்க்கச் செல்லும்போது, குழந்தையின் எடையையும் நிறத்தையும் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய் என்று தாயிடம் கேட்கிறேன். சென்ற மாதம் ஒரு பெண் அதற்கு விடை சொல்லாமல் அழத் தொடங்கினாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே போய் மூன்று மணி நேரம் தூங்கினாள்.