சிப்பிப்பாறை கேட்ட அக்கா மகனுக்கு

போன வாரம் அக்கா மகன் போனில் கூப்பிட்டு, "சித்தி, உங்க பக்கம்தானே சிப்பிப்பாறை நாய் கிடைக்கும், எனக்கு ஒரு குட்டி பார்த்துக் கொடுங்க" என்றான். நான் இருப்பது கோவில்பட்டி, வீட்டிலேயே பொன்னி என்று ஒரு செவலை சிப்பிப்பாறை ஆறு வருஷமாக இருக்கிறாள், அவன் என்னைக் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் வீடு வேளச்சேரியில் மூன்றாவது மாடி. அவனும் மருமகளும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவார்கள். பகலில் வீட்டில் நாலு வயதுப் பிள்ளையும் அக்காவும்தான், அக்காவுக்கு மூட்டுவலி.

முதலில் இது என்ன நாய் என்று புரிய வேண்டும். சிப்பிப்பாறையும், கன்னி என்கிற இன்னொரு நாட்டு நாய் இனமும் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். கரிசல் காட்டில் முயல் ஓடினால் அதை ஓடியே பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். வனவிலங்குச் சட்டப்படி இப்போது அந்த வேட்டைக்கு இடமில்லை, ஆனால் ஓட்டம் நாயின் உடம்பை விட்டுப் போகவில்லை. எதிரே பூனை ஓடினால் அதற்கு நம் குரல் காதில் விழாது. பழக்கம் சரியில்லை என்று அதை அடித்துப் பிரயோஜனம் இல்லை.

பொன்னிக்கு ஒன்றரை வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். கடையில் வாங்கிய சாதாரண பெல்ட்தான் போட்டிருந்தேன். தெருமுனையில் ஒரு கோழி குறுக்கே ஓடியது. அவள் முன்னால் பாயவில்லை, ஒரு அடி பின்னால் போய்த் தலையைக் குனிந்தாள், அவ்வளவுதான், பெல்ட் என் கையில் தொங்குகிறது, நாய் அடுத்த தெருவில். இந்த இனத்துக்குக் கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே அளவு, தலை ஒடுங்கி நீண்டிருக்கும், அதனால் சாதாரண பெல்ட் எதுவானாலும் உருவிக்கொண்டு வந்துவிடும். மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் பால்காரர் ஒருவர் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். அன்றைக்கு என் கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து இழுத்தால் இறுகுகிற அகலப் பெல்ட், கூடவே மார்போடு சேர்த்துக் கட்டுகிற பட்டை, இரண்டும் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. இதே இழுப்பை அக்காவின் மூட்டு தாங்குமா என்பதுதான் என் முதல் கேள்வி.

மாடி வீட்டில் வளர்க்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் நன்றாக ஓடிவிட்டால் பொன்னி பகல் முழுக்கக் கட்டிலில் கால் நீட்டித் தூங்குவாள், வீட்டுக்குள் அவளைப் போல அமைதியான ஜீவன் இல்லை. குடியிருப்புச் சங்கத்தார் நாயே கூடாது என்று தடை போட முடியாது, விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டும், அதுவும் பெரிய வேலை இல்லை. வீட்டின் அளவை விட, தினமும் விடியற்காலை ஒரு மணி நேரம் யார் எழுந்து போவது, அவிழ்த்துவிட்டு ஓடச் செய்ய வேலி போட்ட இடம் எங்கே இருக்கிறது, அதுதான் விஷயம். மழையானாலும் காய்ச்சலானாலும் பத்துப் பன்னிரண்டு வருஷம். ஓட்டம் கிடைக்காத சிப்பிப்பாறை சோபாவைக் கிழிக்கும், பால்கனிக் கட்டையைத் தாண்டப் பார்க்கும். மூன்றாவது மாடியில் அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளை விஷயத்தில் பொன்னி இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஆனால் தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டு எழுவாள், அந்த நொடியில் பக்கத்தில் குழந்தை முகம் இருக்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளைக்கு இதைத் தினமும் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு பெரியவர் வேண்டும்.

"அப்போ வெள்ளை ராஜபாளையம் வாங்கவா சித்தி" என்று கேட்டான். அது இன்னும் பெரிய உருவம், காவல் குணமும் அதிகம், அந்நியர்களை லேசில் சேர்க்காது. அந்தப் பால் வெள்ளைக்குப் பின்னால் இன்னொரு பிரச்சினையும் உண்டு. உள்காதில் நிறமி செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் செல்கள் அழிந்துவிடும், அதனால் சில வெள்ளைக் குட்டிகளுக்குக் காது கேட்காது. கூட்டத்தோடு இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது, மற்ற குட்டிகள் திரும்பினால் அதுவும் திரும்பும். தனியாகத் தூக்கி வந்து, அது நம்மைப் பார்க்காதபோது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும். காற்றோ தரை அதிர்வோ படக் கூடாது. யார் விற்றாலும் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

பொன்னியின் விலா எலும்பு தெரிவதைப் பார்த்து, சோறு போடுவதில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த உடம்பு வாகே அப்படித்தான், அதற்காகத் திணித்து ஊட்டக் கூடாது. உடம்பில் கொழுப்பு இல்லாததால் மார்கழிக் குளிரில் நடுங்குவாள், ஒரு பழைய போர்வை போதும். கருத்தடை செய்தபோது, இந்த வகை நாய்களுக்குச் சில மயக்க மருந்து தெளிய அதிக நேரம் ஆகும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார், நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் அவனிடம் ஒன்றுதான் சொன்னேன். பொங்கல் லீவுக்கு வா, ஒரு வாரம் இரு, தினமும் காலை ஐந்து மணிக்குப் பொன்னியை நீதான் கூட்டிப் போக வேண்டும், அக்காவும் பிள்ளையும் கூட வரட்டும். வருகிறேன் என்றிருக்கிறான். புதுப் பெல்ட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.