நிலவேம்பிலிருந்து ஊசி மருந்து: ஆய்வகத்தில் கண்டவை

2012 டெங்கு காலத்தில் தமிழ்நாடு அரசே ஊர் ஊராக நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது பலருக்கு நினைவிருக்கும். ஒன்பது சரக்குகள் சேர்ந்த அந்தக் குடிநீரில் நாக்கை விட்டுப் போகாத கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற வேதிப்பொருள். இந்த ஒற்றைப் பொருளைத் தனியாகப் பிரித்து, அழற்சியை (உடலில் வீக்கம், சிவப்பு, வலி வரும் எதிர்வினையை) குறைக்கும் ஊசி மருந்தாக்க முடியுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. இதே துறைக்கு வர நினைக்கும் பார்மசி மாணவர்கள் அடிக்கடி விவரம் கேட்பதால் எழுதுகிறேன்.

வாய்வழியே கொடுத்தால் போதாதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. உடம்புக்குள் அழற்சி கட்டுமீறிப் போன நிலையில் நோயாளியால் பெரும்பாலும் விழுங்க முடியாது. அப்படியே விழுங்கினாலும் இந்தப் பொருளில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் மாற்றிவிடுகின்றன. குடல் சுவரில் உள்ள ஒரு புரதம் உள்ளே வந்ததையும் திரும்ப வெளியே தள்ளுகிறது. ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். ஆனால் போய்ச் சேர்ந்தால் அதன் வேலை அருமையானது. அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தில், பி50 என்ற பகுதியில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றை இது பற்றிக்கொள்கிறது என்று 2004-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதைப் படித்த பிறகுதான் இந்தப் பொருளையே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

பிரித்தெடுப்பதில் பெரிய சிரமம் இல்லை. பூக்கத் தொடங்கும் பருவத்து இலையை நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து, கரித்தூளால் பச்சை நிறத்தை நீக்கி, படிகமாக்கினால் வெள்ளை வெளேரென்று கிடைக்கும். கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி கருவியில் ஒரே சிகரம் வரும்வரை, அதாவது வேறு பொருள் கலக்காத தூய்மை வரும்வரை, மறுபடி மறுபடி படிகமாக்கினோம்.

சிக்கல் தண்ணீரில் தொடங்கியது. இது தண்ணீரில் கரையாது. டிஎம்எஸ்ஓ என்ற ஆய்வகக் கரைப்பானில் நன்றாகக் கரைகிறது, செல்களில் சோதித்துப் பார்க்க அது போதும், ஆனால் நோயாளியின் நரம்பில் ஏற்றும் மருந்துக்கு அதை நம்பிப் போக முடியாது. எத்தனாலும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற இன்னொரு கரைப்பானும் கலந்த கரைசல் குப்பிக்குள் தெளிவாக நின்றது. சலைன் என்ற உப்புநீரில் விட்ட நொடியே வெள்ளையாகத் திரிந்தது. ரத்தக் குழாய்க்குள் அப்படித் திரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யும் கிரெமோஃபோர் என்ற கரைப்பானை ஒரு நண்பர் பரிந்துரைத்தார். பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை அதில்தான் கரைத்துத் தருகிறார்கள். கடுமையான ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்த பிறகே அதை ஏற்றுவார்கள். அழற்சிக்கு மருந்து செய்கிற நாம் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று என் கைடு உறுதியாகச் சொன்னார். அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

கடைசியில் கைகொடுத்தது ஹைட்ராக்சிபுரோப்பில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின். சர்க்கரை மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்த பொருள் இது. வெளிப்புறம் தண்ணீரோடு ஒட்டும், உட்குழிவு கரையாத பொருளைத் தாங்கிக்கொள்ளும். இட்ரகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தின் ஊசியில் ஏற்கெனவே பயன்பட்டது. கரைசல் தெளிவாக வந்தது, நீர்த்தாலும் திரியவில்லை, ரத்தச் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தபோது அவை உடையவும் இல்லை.

அப்புறம் நிலைப்புத்தன்மை. ஆண்ட்ரோகிராஃபோலைடில் ஒரு லாக்டோன் வளையம் இருக்கிறது. சற்றே அமிலத்தன்மை உள்ள கரைசலில் அது நிலைக்கும், காரம் ஏறினால் வளையம் திறந்துகொள்ளும். ஆனால் அமிலக் கரைசலை ஏற்றினால் நோயாளிக்கு வலிக்கும், குழாயும் புண்ணாகும். எனவே உறைய வைத்து உலர்த்தி, பொடியாகக் குப்பியில் அடைத்து, ஊசி போடுவதற்குச் சற்று முன் கரைத்துக்கொள்வது என்ற வழிக்கு வந்தோம்.

இத்தனையையும் விட அதிக நேரத்தைத் தின்றது எண்டோடாக்சின். சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் நச்சு இது. பாக்டீரியா செத்தாலும் இது சாகாது. 0.22 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவைத்தான் நிறுத்தும். எண்டோடாக்சின் அதன் வழியே சுலபமாகப் போய்விடும். 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவும் அதை ஒழிக்காது. மண்ணில் வளர்ந்து களத்தில் காய்ந்த இலையில் இது எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. அழற்சி மருந்தைச் சோதிக்க மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் அழற்சியைத் தூண்டிவிட நாங்கள் சேர்ப்பதே எண்டோடாக்சின்தான். மருந்து மாதிரியிலும் அது ஒளிந்திருந்தால் அழற்சியைக் குறைக்க வேண்டிய பொருளே அதைக் கூட்டிக்காட்டும். எங்கள் தொடக்ககாலத் தொகுதிகளில் சில அப்படித்தான் காட்டின. மூலிகைச் சாறுகளைச் செல்களில் சோதித்து வரும் ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது, எண்டோடாக்சின் அளவைச் சொல்லியிருக்கிறார்களா என்றுதான் இப்போது முதலில் தேடுகிறேன்.

நரம்பில் ஏற்றும் மருந்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் 5 எண்டோடாக்சின் அலகுகள். இதை அளக்கும் எல்ஏஎல் சோதனைக்கான பொருள் அட்லாண்டிக் கரையோரத்துக் குதிரைலாட நண்டின் நீல ரத்தத்திலிருந்து வருகிறது. அந்த உயிரினத்தை வதைக்காமல் மரபணுப் பொறியியல் வழியில் செய்த மாற்றுப் பொருள் வந்துவிட்டது, எல்லா லேபும் அதற்கு மாற வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் அளவைக் கீழே கொண்டுவர, கண்ணாடிப் பொருட்களையெல்லாம் 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தோம், சாதாரண வடிநீரை விட்டு ஊசி மருந்துக்கான நீருக்கு மாறினோம், சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் ஊசித் தரத்தில் வாங்கினோம்.

விலங்குச் சோதனைக்கு நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். எத்தனை எலிகள், ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்கள், கேட்கத்தான் வேண்டும். எலியின் பின்னங்காலில் வீக்கத்தைத் தூண்டும் காராஜினன் என்ற கடற்பாசிப் பொருளை ஏற்றி, வீங்கும் பாதத்தின் கன அளவை மணிக்கொரு முறை பிளெதிஸ்மோமீட்டர் என்ற கருவியில் அளப்பது வழக்கமான முறை. எங்கள் மருந்து பெற்ற எலிகளுக்கு வீக்கம் தெளிவாகக் குறைந்தது. அன்று லேபில் இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

பலர் அறியாமல் இந்த வேலையில் இறங்கும் விஷயம் சட்டம். 30 நவம்பர் 2015 அரசிதழ் அறிவிப்பு மூலம் ஃபைட்டோபார்மசூட்டிகல் (தாவரச் சாற்றிலிருந்து தரப்படுத்திய மருந்து) என்ற புதிய மருந்து வகை இந்திய விதிகளில் சேர்ந்தது. மூலிகைச் சாறுகளுக்கு அது நல்ல பாதை. ஆனால் ஊசி வழியே செலுத்தும் மருந்துகளுக்கு அந்த வகையில் இடமில்லை என்று அதே வரையறை சொல்கிறது. சித்த, ஆயுர்வேதத் தனியுரிமை மருந்துகளின் வரையறையும் ஊசியை விலக்குகிறது. ஆக, நிலவேம்பிலிருந்து வந்தாலும் இந்த ஊசி, ஆலையில் செய்த எந்தப் புது மூலக்கூறையும் போல, 2019-இன் புதிய மருந்துகள் விதிகளின் கீழ் முழு நச்சியல் சோதனையோடுதான் வர வேண்டும்.

இதை அநியாயம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சீனாவில் ஆண்ட்ரோகிராஃபோலைடின் வழிப்பொருட்கள் நெடுங்காலமாக ஊசியாகப் புழங்குகின்றன. கடுமையான ஒவ்வாமைகளும் சிறுநீரகப் பாதிப்புகளும் அங்கே பதிவாகியுள்ளன. நூற்றாண்டுகளாகக் கஷாயமாகக் குடித்த அனுபவம் ஊசிக்குச் சான்றாகாது. குடலும் கல்லீரலும் செய்த காவலை ஊசி தாண்டிப் போகிறது.

இப்போது எங்கள் பொடி நச்சியல் சோதனைக்குக் காத்திருக்கிறது. எலியிலும், எலியினம் அல்லாத இன்னொரு விலங்கிலும், தரச்சான்று பெற்ற ஆய்வகத்தில் அதைச் செய்ய வேண்டும். பல்கலைக்கழக நிதிக்குள் அது அடங்காது, மானியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். சிறுநீரகக் குறியீடுகளைக் கூடுதலாக அளக்க வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள்: இலை எடுத்த செடியின் மாதிரியை உலர்த்தி ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் இடத்தில்) எண் போட்டு வையுங்கள், வாங்கும் ஒவ்வொரு துணைப்பொருளுக்கும் எண்டோடாக்சின் அளவு குறித்த சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.