மேசை இல்லாதவர்களின் மடிக்கணினி

வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர்களுக்கு நிலையான மேசை என்று ஒன்று கிடையாது. காயத்துக்குக் கட்டுப்போட்டு முடித்ததும், கட்டிலின் ஓரத்திலோ காரின் இருக்கையிலோ அமர்ந்து மடிக்கணினியில் குறிப்புகளைப் பதிவு செய்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன், கழுத்துவலியை வேலையோடு வருவது என்றே எண்ணியிருந்தேன்.

சிக்கலின் வேர் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கைகளும் தோள்களும் மேலே ஏறுகின்றன. விசைப்பலகையை முழங்கை உயரத்துக்கு இறக்கினாலோ கழுத்து குனிகிறது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை முன்னோக்கிச் சாயச் சாய, அதைத் தாங்கும் தசைகளின் சுமை கூடிக்கொண்டே போகிறது. தனி விசைப்பலகையும் மௌஸும் இந்த முடிச்சை அவிழ்க்கும். ஆனால் மருந்துப்பெட்டியோடு அவற்றையும் சுமக்க வேண்டியிருப்பதால், நீண்ட பதிவுகளை மேசையுள்ள இடத்துக்கு ஒத்திவைத்து, வழியில் சுருக்கமாக மட்டும் எழுதுவதே மேல் என்பது என் அனுபவம்.

ஓட்டுநர் இருக்கையில் ஸ்டீயரிங் குறுக்கே நிற்பதால் உடலைத் திருகிக்கொண்டுதான் தட்டச்சு செய்ய முடியும். தவிர்க்க இயலாதபோது பக்கத்து இருக்கைக்கு மாறி, அதைப் பின்னுக்குத் தள்ளி, மடியில் உறுதியான பை ஒன்றை வைத்து அதன்மேல் கணினியை வைக்கலாம். பையை ஒரே தோளில் தொங்கவிடாமல் இரு தோள்களிலும் மாட்டுவது நல்லது. இவற்றையெல்லாம் ஊழியரின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடாமல், பதிவுகளை எழுதுவதற்கான நேரத்தையும் பணி அட்டவணையிலேயே நிர்வாகம் ஒதுக்க வேண்டும்.