கர்னாவுக்கு ஃபைபர் வந்த பிறகு

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அயர்லாந்தின் மேற்கு ஓரம், கால்வே நகரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், கர்னா பக்கத்தில் இருக்கிறது ஊர். இது கேல்டாக்ட், அதாவது ஐரிஷ் மொழி இன்னும் வீட்டிலும் கடையிலும் புழங்குகிற ஊர்கள் என்று அரசு வரையறுத்து வைத்திருக்கும் பகுதி. வீட்டுக்கு ஃபைபர் கேபிளில் இணையம் வந்த அன்று சாயங்காலம் அந்த அம்மா ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேத்தியை வீடியோ காலில் கூப்பிட்டு நாற்பது நிமிடம் ஐரிஷிலேயே பேசினார், ஒரு தடவைகூடப் படம் நிற்கவில்லை. அதுவரை முகம் தெரிந்தால் குரல் வராது, குரல் கேட்டால் முகம் தெரியாது.

பழைய பிராட்பேண்ட் டெலிபோனுக்குப் போட்ட செம்புக் கம்பியில் ஓடியது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட சிக்னல் தேய்ந்துகொண்டே வரும், நாலைந்து கிலோமீட்டருக்கு அப்பால் பெயருக்குத்தான் இணைப்பு. கர்னா இருக்கும் இந்தக் கான்னமாரா வட்டாரத்தில் வீடுகள் தெருவாகச் சேர்ந்து இருப்பதில்லை. பாறைக்கும் ஏரிக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாலையோரம் நீண்டு கிடக்கும். ஒரு வீட்டுக்காக இத்தனை கம்பம் தாண்டிக் கேபிள் இழுப்பது எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. அரசு பணம் போட்டால்தான் நடக்கும் என்பதால் தேசிய பிராட்பேண்ட் திட்டம் 2012இல் அறிவிக்கப்பட்டது, ஒப்பந்தம் கையெழுத்தானது 2019 நவம்பரில். நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், பண்ணைகள், குறைந்தது 500 மெகாபிட் வேகம். நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கழிந்த அந்த ஏழு வருடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து டப்ளினுக்கும் சிட்னிக்கும் போய்விட்ட பிள்ளைகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேபிள் தொங்கும் கம்பமும் நிற்க வேண்டும். 2025 ஜனவரியில் ஏயோவின் புயல் அடித்தபோது, காற்று மணிக்கு 182 கிலோமீட்டரைத் தாண்டிப் பதிவானது கர்னா பக்கத்து மேஸ் ஹெட் வானிலை நிலையத்தில்தான், நாட்டில் அதற்கு முன் அவ்வளவு வேகம் பதிவானதே இல்லை. கரண்டும் போச்சு, நெட்டும் போச்சு.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. ஊடரஸ் நா கேல்டாக்டா என்று ஒரு அரசு அமைப்பு, இந்தப் பகுதிகளுக்கு வேலை கொண்டுவருவதற்காக 1980இல் தொடங்கியது. இப்போது ஜிடெக் என்ற பெயரில் 30க்கும் மேற்பட்ட இணைய மையங்களை நடத்துகிறது. மேசை வாடகைக்குக் கிடைக்கும், வேகமான நெட் உண்டு, எங்கேயோ இருக்கும் கம்பெனிக்கு இங்கிருந்தே வேலை பார்க்கலாம். டொனகால் கரைக்கு அப்பால் 500 பேர்கூட இல்லாத ஆரன்மோர் தீவு 2019இல் இப்படி ஒரு மையத்தைத் திறந்து, இங்கே குடிவாருங்கள் என்று அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பகிரங்கக் கடிதமே எழுதியது. நானும் வாரத்தில் இரண்டு நாள் ஒரு மையத்துக்குப் போகிறேன்.

அங்கே டீ நேரத்தில் ஐந்து பேர் ஐரிஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கோப்பையோடு போய் நின்றதும் ஐந்து பேரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், மரியாதைக்காகத்தான். சென்னையில் தமிழ் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்ததும் நாங்களும் அப்படித்தான் மாறினோம், ஆனால் தமிழுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. இங்கே ஆகும். 2016 கணக்கெடுப்பில் கேல்டாக்டின் மக்கள்தொகை 96,090, அது 2022இல் 106,220. பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்களோ 20,586இலிருந்து 20,261ஆகக் குறைந்திருக்கிறார்கள். ஆட்கள் வந்தார்கள், மொழி வளரவில்லை.

என்னைப் போன்றவர்கள் வருவதற்காக மட்டும் இந்தக் கேபிள் போடப்பட்டதாக ஆகிவிடக் கூடாது. வீட்டுக்கார அம்மாவின் மகன் இந்த நெட்டை நம்பித்தான் டப்ளினிலிருந்து திரும்பி வந்தார், நல்ல வேலை, நல்ல ஐரிஷ், ஆனால் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்காமல் நாற்பது வயதில் அம்மாவின் பின்னறையில் இருக்கிறார். சுற்றிலும் கோடையில் மட்டும் விளக்கு எரிகிற விடுமுறை வீடுகள். சொந்த நிலத்தில் கட்ட அனுமதி கேட்டாலும் இழுத்தடிக்கிறார்கள். பிராட்பேண்டுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்காவது ஐரிஷ் பேசும் குடும்பங்களுக்கு வீடு கட்டப் போயிருந்தால் இந்த மாதிரி எத்தனை பேர் திரும்பியிருப்பார்கள்!

இந்த ஊர்க்காரர்கள் கையேந்தி நிற்கிறவர்கள் இல்லை. ஐரிஷில் ஒரு வானொலி வேண்டும் என்று கோரிக் கோரி அலுத்து, 1970இல் இதே கான்னமாராவில் இளைஞர்கள் அனுமதி இல்லாமலே தாங்களாக ஒரு நிலையம் வைத்து ஒலிபரப்பினார்கள், 1972இல் அரசு ரேடியோ நா கேல்டாக்டா என்ற ஐரிஷ் வானொலியைத் தொடங்கியது. இன்றைக்குக் கேட்க வேண்டியது, மையங்களில் மேசை வாடகைக்குக் கொடுக்கும்போதே வருகிறவருக்கு ஐரிஷ் வகுப்பும் சேர்த்துக் கொடுங்கள் என்பதும், வீட்டு அனுமதியில் உள்ளூர் ஐரிஷ் பேசுகிறவர்களை முன்னால் வையுங்கள் என்பதும்தான்.

என் பங்குக்கு, செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். டீ மேசையில் இனி மாறாதீர்கள், புரியாவிட்டால் நான் கேட்டுக்கொள்கிறேன் என்று போன வாரம் சொல்லியும் விட்டேன். இந்த வாரம் அவர்கள் மாறவில்லை. பேசியதில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை, ஒருவர் மட்டும் நடுநடுவே நிறுத்தி ஐரிஷிலேயே மெதுவாகத் திரும்பச் சொன்னார்.