ஐந்து கிழமை வெறுந்தொட்டி

முதல் மீன் பன்னிரண்டாம் நாள் செத்தது. நீல உடம்பும் சிவப்புச் செட்டையுமாக ஒரு பைட்டர். கடைக்காரர் பொலித்தீன் பையில் கட்டித் தரும்போதே, "ஒரு போத்தல் போதும் ரீச்சர், இது சேற்றிலும் உயிரோடு இருக்கும் சாதி" என்றார். நம்பினேன். இரண்டு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் மகன் பொறுக்கிய சிப்பிகளையும் ஒரு முருகைக்கல் துண்டையும் அடியில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மீனைப் பின்வளவில் புதைத்த அன்று அம்மா கேட்டார்: "அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போகிறோமா, இல்லை வீட்டோடு முடிக்கிறோமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரம் பதினொன்றுக்கு நைதரசன் வட்டம் கற்பிப்பவள் நான். கழிவில் வரும் அமோனியாவைப் பற்றீரியா படிப்படியாக மாற்றும் கதை அது; அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று என்று அம்புக்குறி போட்டுப் போட்டே எத்தனையோ வெண்கட்டி தேய்ந்திருக்கிறது. அதே வட்டம் என் ஜன்னலோரத்தில் முதல் அம்புக்குறியைத் தாண்டாமல் நின்று ஓர் உயிரைக் கொன்றிருக்கிறது. நான் பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழும் மீன் இது. 2019 இல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருப்பதால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். நம் குளங்களில் இருக்கும் பனையேறியும் அப்படித்தான். ஆனால் காற்றை விழுங்கத் தெரிந்த மீனுக்கும் அமோனியா நஞ்சுதான். வயலில் மழையும் மண்ணும் பாசியும் கழிவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. போத்தலில் எல்லாம் மீனின் தலையிலேயே விழுகிறது.

எங்கள் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. உவர்க்காது, குடிக்கலாம். ஆனால் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். சிப்பியும் முருகைக்கல்லும் கல்சியம் காபனேற்று. அவை கரையக் கரைய, தண்ணீரின் அமில-கார அளவான pH ஐ மேலேதான் பிடித்து வைத்திருக்கும். பிறகு அளந்து பார்த்தேன்: 8. தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று அதிகம் கெடுதல் செய்யாத அமோனியம், மற்றது கொல்லும் அமோனியா. 30 பாகை வெப்பத்தில் pH 7 ஆக இருந்தால் கொல்லும் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 ஆக இருந்தால் ஏறத்தாழ ஏழு. வெயில் ஏற அதுவும் ஏறும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் தொட்டிக்கு ஹீற்றர் வாங்கு என்பதுதான் முதல் வரி. திருகோணமலையில் ஹீற்றருக்கு என்ன வேலை? கூரைத் தகடே ஹீற்றர்தான்.

இரண்டாம் முறை மீனுக்கு முன் தொட்டியை வாங்கினேன். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பத்து அங்குலத்துக்கு நிரப்பினால் 35 லீற்றர் அளவில் பிடிக்கும். மேற்குச் சுவரில் பின்னேர வெயில் அடிக்கும் என்பதால் எதிர்ப்பக்கம், அம்மாவின் சாய்மனைக் கதிரைக்கு அருகே வைத்தேன்.

அடியில் போட கடற்கரை மணல் வேண்டாம் என்று மகனுக்குப் புரியவைக்க ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுக் காட்டினேன். பொங்கி நுரைத்தது, அத்தனையும் சிப்பித் தூள். வீட்டுக்குப் பின்னால் கட்டட வேலைக்கு இறக்கியிருந்த மகாவலி மணல் நுரைக்கவில்லை. மேசனிடம் கேட்டு ஒரு வாளி எடுத்து, தண்ணீர் கலங்காமல் ஓடும்வரை கழுவினோம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை, இடுப்பு எண்ணியது. தண்ணீர் குழாய்த் தண்ணீர்தான், கந்தளாயில் இருந்து வருவது. குளோரின் போக அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, கடையில் விற்கும் குளோரின் நீக்கியும் இரண்டு துளி விட்டேன். குளத்தில் பிடுங்கிய வேலம்பாசியை மெல்லிய கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து நட்டேன். அப்படியும் இரண்டு நத்தைகள் எப்படியோ வந்துவிட்டன. இருக்கட்டும்.

கண்ணாடிப் பெட்டி, காற்றடிக்கும் சிறு மோட்டார், அதில் பூட்டிய ஸ்பொஞ்ச் பில்டர். மீன் மட்டும் இல்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியை வெறும் தண்ணீரில் தூவினேன். அது அழுகி அமோனியாவாக வேண்டும். அதைத் தின்னும் பற்றீரியா ஸ்பொஞ்சில் குடியேற வேண்டும். அது விடும் நைத்திரைற்றைத் தின்ன இன்னொரு கூட்டம் வர வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்துவிட்டு, "மீன் எங்கே?" என்றார்கள். மகன் முதல் கிழமை விளக்கம் சொன்னான். பிறகு, "அம்மா பற்றீரியா வளர்க்கிறா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

கொழும்பிலிருந்து பார்சலில் வந்த பரிசோதனைத் துளிகளால் மூன்று நாளைக்கு ஒரு தடவை பார்த்தேன். முதலில் அமோனியாக் குழாய் கடும் பச்சை. மூன்றாம் கிழமை அது மங்க, நைத்திரைற்று ஊதாவாக ஏறி அப்படியே நின்றது. ஐந்தாம் கிழமை இரண்டும் பூச்சியம், நைத்திரேற்று மட்டும் இருந்தது. வகுப்பில் இதை நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுவேன். யாராவது பழகிய தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பழைய ஸ்பொஞ்ச் தந்திருந்தால் பாதி நாள் மிஞ்சியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிறகுதான் மீன் வந்தது. கறுப்பு. கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்ததும் செவுளை விரித்துக்கொண்டு நின்றதால் மகன் 'இராவணன்' என்று பெயர் வைத்தான். அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் இப்போது அவர்தான் அந்தப் பெயரை அதிகம் கூப்பிடுகிறார்.

கடற்கரை வீதியில் உதிரும் வாதுமை இலை, சிங்களத்தில் கொட்டம்பா என்பார்களே, அதில் நன்றாகக் காய்ந்து பழுப்பான இரண்டைக் கழுவிப் போட்டிருக்கிறேன். கோட்டைப் பக்கத்து மான்கள் மெல்வதற்கு முன் பொறுக்க வேண்டும். தண்ணீர் மெல்லிய பிளேன்ரீ நிறமாகும். அந்த மீனின் ஊர்த் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும். இலை pH ஐப் பெரிதாக இறக்கும் என்பார்கள். என் தொட்டியில் அப்படி ஒன்றும் இறங்கவில்லை.

தீனி காலையில் மூன்று சிறு உருண்டை, மாலையில் மூன்று சிறு உருண்டை. அதற்கு மேல் அது கேட்கும், கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டுத் தம்பி தன் மீனுக்கு நுளம்புக் குடம்பி வளர்க்கச் சிரட்டையில் தண்ணீர் வைத்திருந்தார். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்பதை நினைவுபடுத்தினேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் என்ன செய்வார் என்பதையும் சொன்னேன். இரண்டாவதுதான் வேலை செய்தது.

கிழமைக்கு ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன். ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிவேன், குழாயடிக்குக் கொண்டுபோக மாட்டேன். ஐந்து கிழமை உழைப்பைக் குளோரின் கெடுத்துவிடக்கூடும். மூடியாக நுளம்பு வலை கட்டியிருக்கிறேன், இந்த மீன் பாயும்.

மிச்சம் இருப்பது வெயில்தான். இப்போது கச்சான் காற்று அடிக்கிறது. போன கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு வெப்பமானி 33 காட்டியது. 28 க்கு மேல் நெடுநாள் இருப்பது இதற்கு நல்லதல்ல. ஐஸ் கட்டி போடச் சொன்னார்கள். திடீரென்று குளிர்ந்தால் அதுவே நோய். மேசை மின்விசிறியை வலைக்கு மேலே சாய்த்து வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று பாகை இறங்குகிறது. குறைந்த தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால் மாரியில் பிடித்து மூடிவைத்த மழைத் தண்ணீரை ஊற்றுகிறேன். அது ஆவணி வரை காணுமோ தெரியாது.

வீட்டில் மேசை மின்விசிறி ஒன்றுதான் இருக்கிறது, அது அம்மாவினுடையது. நேற்றுப் பாடசாலை விட்டு வந்தபோது அவர் கதிரையைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மின்விசிறியை இருவருக்கும் நடுவில் திருப்பி வைத்துவிட்டு, பனையோலை விசிறியும் கையுமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வெப்பமானியில் 30.