லேயர் மாஸ்க் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது

போட்டோஷாப்பில் லேயரின் (படத்தின் ஓர் அடுக்கின்) எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம்தான் லேயர் மாஸ்க்: வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும். ‘மாஸ்க் வேலை செய்யல’ என்று சொல்லி வரும் ஃபைல்களில் மாஸ்க் நிஜமாகவே கெட்டுப்போயிருப்பது அபூர்வம். ஒன்று, பெயின்ட் வேறெங்கோ போய் விழுந்திருக்கும். இல்லையென்றால் அதைப் போகவிடாமல் ஏதோ தடுத்துக்கொண்டிருக்கும். படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் புலப்படாது. மாஸ்க்கைத் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். போட்டோஷாப்பில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு லேயர்ஸ் பேனலில் இருக்கும் மாஸ்க் தம்ப்நெயிலை (குட்டிப் படத்தை) கிளிக் செய்தால் திரை முழுக்க மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையில் வந்து நிற்கும். அதே கிளிக்கை இன்னொரு முறை கொடுத்தால் படம் திரும்பிவிடும். (மேக்கில் ஆல்ட்டுக்கு ஆப்ஷன், கன்ட்ரோலுக்குக் கமாண்ட்.)

அதற்கும் முன்னால் ஃபைல் டேபில் (tab) பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அடைப்புக்குறியை ஒரு பார்வை பாருங்கள். ‘லேயர் மாஸ்க்/8’ என்றிருந்தால் பிரஷ் மாஸ்க்கில்தான் ஓடுகிறது. ‘ஆர்ஜிபி/8’ என்றிருந்தால் படத்தின் மேலேயே கறுப்பு அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். தம்ப்நெயிலைச் சுற்றி வரும் மெல்லிய சட்டமும் இதையேதான் சொல்கிறது. ஆனால் சின்ன ஸ்கிரீனில் அது கண்ணில் படுவதில்லை. கன்ட்ரோல்+பேக்ஸ்லாஷ் அழுத்தினால் மாஸ்க்குக்குப் போகலாம், கன்ட்ரோல்+2 படத்துக்குத் திருப்பும். படத்தில் விழுந்துவிட்ட கறுப்பை ஹிஸ்டரியில் பின்னால் போய்த்தான் எடுக்க வேண்டும். வெள்ளை அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தால் கறையின் மேல் இன்னொரு கறைதான் சேரும்.

டேபில் ‘குவிக் மாஸ்க்/8’ என்று வந்தால் கை தவறி க்யூ தட்டுப்பட்டிருக்கிறது. பிரஷ் போகும் இடமெல்லாம் சிவப்பாகும், லேயரில் ஒன்றும் மறையாது. இன்னொரு முறை க்யூ அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். வெறும் பேக்ஸ்லாஷ் தட்டினாலும் சிவப்பு வரும். ஆனால் அது உங்கள் மாஸ்க்கின் மறைந்த பகுதியைக் காட்டும் மேல்பூச்சுதான். கோளாறு இல்லை, நல்ல வசதி.

டேப் சரி, மாஸ்க்கும் செலக்ட் ஆகியிருக்கிறது, இருந்தும் பிரஷ் ஓடவில்லையா? முதல் சந்தேகம் கண்ணுக்குத் தெரியாத செலக்‌ஷன்மேல்தான். கன்ட்ரோல்+எச் அழுத்தி தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி ஓடும் எறும்புக் கோட்டை மறைத்துவிட்டு மறந்திருப்பார்கள். கோடு மறைந்தாலும் செலக்‌ஷன் உயிரோடுதான் இருக்கும். அதற்கு வெளியே பெயின்ட் ஒரு துளி விழாது. கன்ட்ரோல்+டி (D) போட்டால் தீர்ந்தது. அடுத்து மேலே உள்ள ஆப்ஷன்ஸ் பார். பிரஷ் கையில் இருக்கும்போது எண்ணைத் தட்டினால் ஒபாசிட்டி (பெயின்ட்டின் அடர்த்தி) மாறும்: 1 என்றால் 10%, 5 என்றால் 50%, 0 என்றால் 100%. ஷிஃப்ட்டோடு தட்டினால் ஃப்ளோ (பெயின்ட் வழியும் வேகம்) மாறும். ஃப்ளோ 3 சதவீதத்தில் கிடந்தால் பிரஷ் செத்துவிட்டது போலத்தான் தோன்றும். மோட் நார்மலில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஓவர்லேயில் விட்டிருந்தால் முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் அசையவே அசையாது. இதையெல்லாம் பார்த்த பிறகு டி (D) தட்டிவிடுங்கள். நிறம் வெள்ளை, கறுப்பு என்று திரும்பும். எக்ஸ் தட்டினால் இரண்டும் இடம் மாறும்.

தம்ப்நெயிலின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் ஷிஃப்ட்+கிளிக்கில் மாஸ்க் அணைந்திருக்கிறது. அதே கிளிக் அதை எழுப்பிவிடும். ஒரே லேயரில் இரண்டு மாஸ்க் தம்ப்நெயில் இருந்தால் ஆட் மாஸ்க் பட்டன் இரண்டு தரம் அழுத்தப்பட்டிருக்கும். இரண்டாவதாக வந்தது வெக்டர் மாஸ்க், அதில் பிரஷ் ஓடாது. ரைட் கிளிக் செய்து டிலீட் செய்துவிடலாம். வெள்ளை அடித்தும் ஒரு பகுதி மட்டும் வரவே மாட்டேன் என்றால், லேயர் இருக்கும் குரூப்புக்குத் தனியாக மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். குரூப்பில் கறுப்பு இருக்கும் இடத்தில் லேயரின் வெள்ளை எடுபடாது.

பிரஷ் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் பழைய பேக்ரவுண்ட் ஆவி மாதிரி லேசாகத் தெரிகிறது என்பது வேறு வியாதி. 95% ஒபாசிட்டியில் ஒரே இழுப்பாக அடித்தால் மாஸ்க்கில் அடர் சாம்பல்தான் உட்காரும். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதால் ஆல்ட்+கிளிக்கிலும் ஏமாந்துபோகலாம். அடியில் பளீரென்ற ஒரு சாலிட் கலர் லேயர் வைத்துப் பார்த்தால் உடனே அகப்பட்டுவிடும். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல்+எல் கொடுத்து, லெவல்ஸில் கறுப்பு முனையை 20க்கும் வெள்ளை முனையை 235க்கும் நகர்த்தினால் அடர் சாம்பல் கறுப்பாகும், வெளிர் சாம்பல் வெள்ளையாகும். முடி ஓரத்து மிருதுவான சாம்பலையும் இது கொஞ்சம் தின்னும் என்பதால் அந்த எண்களைத் தாண்ட மாட்டேன். லெவல்ஸுக்குப் போகும் முன் பிராப்பர்ட்டீஸ் பேனலில் டென்சிட்டி (மாஸ்க்கின் மறைக்கும் வலு) 100ல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அது குறைந்திருந்தால் எத்தனை முறை கறுப்பு அடித்தாலும் முழுசாக மறையாது.

பொறுமையைச் சோதிப்பது ஓரம்தான். கல்யாண ஆல்பத்து மணப்பெண் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் வைத்து வாரிய கறுப்பு முடி, அதில் வெள்ளை மல்லிகைச் சரம், பின்னால் மண்டபத்தின் மஞ்சள் விளக்கு. பேக்ரவுண்டை மாற்றினால் முடியைச் சுற்றி மஞ்சள் கோடு நிற்கும், பூவின் ஓரமோ தின்னப்பட்டிருக்கும். காரணம், முடிக்கு வேண்டியதும் பூவுக்கு வேண்டியதும் வேறு வேறு. ஒரே அமைப்பை மாஸ்க் முழுக்கப் போட்டால் ஒன்று பிழைக்கும், இன்னொன்று சாகும். தோள், புடவை மாதிரிக் கெட்டியான ஓரத்தை மட்டும் செலக்ட் செய்து ஃபில்டர் மெனுவின் அதர் பிரிவில் மினிமம், ரேடியஸ் 1 பிக்சல் கொடுங்கள். வெள்ளைப் பகுதி ஒரு பிக்சல் உள்ளே வரும், கோடு போய்விடும். முடியில் இதைப் போட்டால் பிசிறெல்லாம் வெட்டுப்பட்டு விக் வைத்ததுபோல் ஆகிவிடும். முடிக்கு பிரஷ் மோடை ஓவர்லே, ஒபாசிட்டியை 20–30% ஆக்கி, மாஸ்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு பிசிறுகளுக்கு இடையிலான சாம்பலில் கறுப்பை ஓட்டுங்கள். அடர்ந்த சாம்பல் கறுப்பாகும், வெள்ளையை ஒட்டியிருக்கும் முடிக் கோடுகள் தப்பிக்கும். மல்லிகையை நார்மல் மோடில், கெட்டி ஓரமுள்ள சின்ன பிரஷ்ஷால் கையாலேயே வரைவதுதான் வழி. குறுக்குவழி தேடும் நேரத்தில் வரைந்தே முடித்துவிடலாம்.

மிச்சமிருக்கும் மஞ்சளுக்கு மாஸ்க்கைத் தொட வேண்டாம். மேலே ஒரு புது லேயர், ஆல்ட்+கன்ட்ரோல்+ஜி போட்டுக் கீழ் லேயரோடு கிளிப், மோட் டார்கன். ஆல்ட்டை அழுத்திப் பக்கத்து முடியின் நிறத்தை எடுத்து ஓரத்தில் பூசுங்கள். கலர் மோட் போட்டால் நிறம் மாறும், வெளிச்சம் அப்படியே நிற்கும். அதனால் வெளிர்க் கோடு சாம்பல் கோடாக மிஞ்சும். செலக்ட் அண்ட் மாஸ்க்கில் இருக்கும் டிகன்டாமினேட் கலர்ஸும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் அது பிக்சலின் நிறத்தையே மாற்றுவதால் மாஸ்க்கோடு புது லேயர் ஒன்றை உண்டாக்கிவிட்டுப் பழையதன் கண்ணை மூடிவிடும். படம் காணாமல் போய்விட்டது என்று பதற வேண்டாம், கீழேதான் இருக்கும்.

டிராப் ஷேடோ (லேயருக்குப் போட்ட நிழல்) மாஸ்க் ஓரத்தையே ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை மறைத்தால் புது இடத்தில் முளைக்கிறது என்றால், லேயரின் பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் ‘லேயர் மாஸ்க் ஹைட்ஸ் எஃபெக்ட்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். படத்தை நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே வருகிறது என்றால் இரண்டு தம்ப்நெயிலுக்கும் நடுவில் இருக்கும் சங்கிலியைத் தட்டிக் கழற்றுங்கள்.

ஜிம்ப் என்ற இன்னொரு எடிட்டிங் சாஃப்ட்வேரிலும் முக்கால்வாசி இதே கதைதான்; கிளிக்குகள் மட்டும் மாறும். ஆல்ட்+கிளிக் மாஸ்க்கைத் திறந்து காட்டும், சட்டம் பச்சையாகும். அணைப்பது ஷிஃப்ட் இல்லை, கன்ட்ரோல்+கிளிக். அப்போது சட்டம் சிவப்பாகும். மாஸ்க்கைச் சேர்க்கும்போது வெள்ளையா, கறுப்பா, செலக்‌ஷனா என்று அது கேட்கும். அவசரத்தில் கறுப்பைக் கொடுத்துவிட்டு ‘லேயரே போச்சு’ என்று அலறுபவர்கள் அந்த டயலாக் பாக்ஸை நிதானமாகப் படித்தாலே போதும்.