‘மூணு வருஷம் ஆச்சு’ - இங்கிலீஷில் எப்படி?

‘நான் சென்னையை விட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு.’ இதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் நம்மவர்களில் பலர் ‘பிஃபோர் த்ரீ இயர்ஸ் ஐ லெஃப்ட் சென்னை’ என்று ஆரம்பிப்பார்கள். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது ‘பிஃபோர்’ கிடையாது, ‘அகோ’தான்; அதுவும் கால அளவுக்குப் பின்னால் வரும்: ‘ஐ லெஃப்ட் சென்னை த்ரீ இயர்ஸ் அகோ’. இதில் ‘ஹேவ்’ நுழையக் கூடாது. ‘அகோ’ வினையைக் கடந்துபோன ஒரு நாளில் நிறுத்திவிடுகிறது. ‘ஹேவ் லெஃப்ட்’ அதை இன்றோடு முடிச்சுப் போடப் பார்க்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போகாது.

நாள் எப்போது என்பதைவிட எவ்வளவு காலம் ஓடிவிட்டது என்பதுதான் முக்கியம் என்றால் ‘இட்ஸ் பீன் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஐ லெஃப்ட் சென்னை’. முன்பாதியில் ‘ஹேஸ் பீன்’, ‘சின்ஸ்’ஸுக்குப் பிறகு வெறும் இறந்தகாலம். பிரிட்டிஷ்காரர்கள் ‘இட் இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ்’ என்றும் எழுதுவார்கள், அதுவும் சரியே. கதை முழுக்க இறந்தகாலத்தில் போகிறதென்றால் இரண்டு பாதியும் ஒரு படி பின்னே நகரும்: ‘இட் வாஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஐ ஹேட் லெஃப்ட்’.

உண்மையான கண்ணி இங்கேதான் இருக்கிறது. ‘லெஃப்ட்’, ‘மெட்’, ‘டைட்’ எல்லாம் ஒரு நொடியில் முடியும் வினைகள், அவற்றில் குழப்பமில்லை. நீடிக்கும் வினையைப் போட்டால் அர்த்தம் தலைகீழாகும். ‘இட்ஸ் டென் இயர்ஸ் சின்ஸ் ஐ லிவ்ட் இன் மதுரை’ என்றால் மதுரைக்குக் குடிவந்து பத்து வருஷம் ஆச்சு என்று அர்த்தமில்லை, மதுரையை விட்டுப் போய்ப் பத்து வருஷம். ‘சின்ஸ் ஐ ஸ்மோக்ட்’ என்றாலும் அப்படித்தான், சிகரெட்டை விட்டவர் பேச்சு அது. குடிவந்ததைச் சொல்ல ‘சின்ஸ் ஐ மூவ்ட் டு மதுரை’ என்று தொடக்கத்தைக் காட்டும் வினை வேண்டும். இல்லையென்றால் ‘ஐ ஹேவ் லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்’.

அந்த ‘ஃபார்’ இருக்கிற இடத்தில் ‘சின்ஸ்’ போட்டு ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பது பயோடேட்டாவில் சர்வசாதாரணம். அளவு என்றால் ‘ஃபார்’, தொடங்கிய புள்ளி என்றால் ‘சின்ஸ்’: ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’, ‘சின்ஸ் 2019’. வினை இரண்டுக்கும் ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’.

இரங்கல் கடிதத்தில் மட்டும் கவனம். ‘ஹி ஹேஸ் பீன் டெட் ஃபார் த்ரீ இயர்ஸ்’ இலக்கணப்படி சரி, காதில் முள்ளாகக் குத்தும். ‘இட்ஸ் பீன் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஹி பாஸ்ட் அவே’ என்று எழுதுங்கள்.